வால்விலே மிச்சம் பிடிக்க வேண்டாம்

வீட்டுக்குரிய கல்லை நாமே அரிந்துகொள்வோம் என்று மீள்குடியேறிய குடும்பங்கள் முன்வருவது நல்ல காரியம். 1950களில் கொலம்பியாவில் உருவான 'சின்வா ராம்' கைப்பொறியில் ஆட்கள் நெம்புகோலை இழுத்தே மண்கல்லை அழுத்தினார்கள். அதில் ஒயிலும் இல்லை, வால்வும் இல்லை. இப்போது எமது இளைஞர்கள் பழைய பெக்கோவில் கழற்றிய இரண்டு ஜக்குகளை லாண்ட்மாஸ்ரரில் பூட்டிய பம்பால் இயக்கப் பார்க்கிறார்கள். ஒன்று மண்ணை அழுத்தும். மற்றது மண்பெட்டியைத் தள்ளும். பாராட்டுகிறேன். ஆனால் இரும்புக்கும் ஜக்குக்கும் காசைக் கொட்டிவிட்டு வால்வை மாத்திரம் பழைய இரும்புக் கடையில் கண்மதிப்பாக வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் அப்படிச் செய்தவன்தான். ஒற்றைக் கைபிடி வால்வுகள் இரண்டை மலிவாக வாங்கி, முதல் வால்வின் திரும்புவாயிலை இரண்டாவதின் உள்வாயிலோடு பொருத்தினோம். இரண்டாவது ஜக் பாரம் பிடித்ததும் முதல் வால்வின் சீல் பிதுங்கி ஒயில் சீறியது. திரும்புவாயில் தாங்கிக்குப் போகும் ஒயிலுக்கானது. பம்பின் முழு அழுத்தத்தைத் தாங்குவதற்கல்ல. அடுத்த வால்வுக்கு அழுத்த ஒயிலைக் கொடுக்கத் தனிவாயில் வேண்டும். கடையில் 'பவர் பியோண்ட்' என்று கேளுங்கள். அதைவிட, இரண்டு கைபிடிகளும் றிலீவ் வால்வும் ஒரே உடலில் அமைந்ததை வாங்குவதே மேல்.

சாதாரண கியர் பம்பு, இயந்திரம் ஓடும்வரை ஒயிலைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். ஆகவே கைபிடி நடுவில் நிற்கும்போது ஒயிலைத் தாங்கிக்குத் திரும்ப விடும் 'ஓப்பன் சென்ரர்' வகைதான் பொருந்தும். மூடிய வகையைப் பூட்டினால் ஒயில் றிலீவ் வால்வாலேயே பிதுங்கி வெளியேறிச் சூடேறும்.

அளவிலும் ஏமாறுகிறோம். 10 சென்ரிமீற்றர் உள்விட்டமும் 5 சென்ரிமீற்றர் தண்டும் உள்ள ஜக்கை எடுங்கள். பம்பு நிமிடத்துக்கு 30 லீற்றர் கொடுத்தால், தண்டு உள்ளே போகும்போது வால்வுக்குத் திரும்பி வருவது 40 லீற்றர். வால்வு அதைத் தாங்க வேண்டும்.

இரண்டு கைபிடிகளையும் ஒன்றாக இழுத்தால் பாரம் குறைந்த ஜக்கே முதலில் ஓடும். இதை இயக்குபவருக்குச் சொல்லிக் கொடுங்கள். கையை விட்டதும் தானாக நடுவுக்கு வரும் கைபிடியையே வாங்குங்கள். இழுத்த இடத்தில் பூட்டி நிற்பது வேண்டாம். அந்த ஜக் 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 12 தொன் பலத்தோடு அழுத்தும். அச்சுக்குள் மண்ணைத் தட்டிவிடும் கை பல இடங்களில் ஒரு தாயின் கை. சில வேளை பிள்ளையின் கை.

ஹோஸில் கசிவை விரலால் தேடாதீர்கள். காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள். தோலுக்குள் ஒயில் பாய்ந்தால் காயம் ஊசித்துளை போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் காசில்லையே என்பீர்கள். அப்படியானால் ஒரு ஜக்கோடும் ஒரு நல்ல வால்வோடும் தொடங்குங்கள். மண்பெட்டியைக் கையால் தள்ளலாம்.