பீட் செம, சரி. அப்புறம்?

1/ புது ஆல்பம் வந்தா "பீட் செம, கிட்டார் வேற லெவல்"னு ரெண்டு வரி போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு பாட்டு மாத்துச்சு.

2/ 2017 ஜனவரியில் வந்த 'சென்னை பொறம்போக்குப் பாடல்'. எழுதினவர் கபெர் வாசுகி. சினிமாவுக்கு வெளியே தானே எழுதி, தானே பாடுறவர். இதைப் பாடினவர் டி.எம். கிருஷ்ணா, கர்நாடக ராகங்களில். படமாக்கினது எண்ணூர்க் கழிமுகத்தில்.

3/ புறம்போக்குன்னா ஏரி, கழிமுகம், மேய்ச்சல்னு ஊருக்கே பொதுவான நிலம். நாம அதை வசவாக்கிட்டோம். வசவான இடத்துல அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டினா யாருக்கு உறைக்கும்?

4/ எங்க பக்கம் காரங்காட்டுக்கு வாங்க. அலையாத்திக் காட்டுக்குள்ள படகு போகும். வெறும் சேறு மாதிரி தெரியும். மீன் குஞ்சும் நண்டும் வளருறதே அந்தச் சேத்துலதான். அந்தப் பாட்டைக் கேட்டவங்களுக்கு அது வெறும் சேறாத் தெரியாது.

5/ 2018-ல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' ராக் கிட்டாரைப் பறையோடும் கானாவோடும் சேர்த்தாங்க. 2019-ல் அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குறள்' ராப் ஆல்பம் தந்தாங்க. "வெறும் சத்தம்"னு தள்ளுறதும் விமர்சனம் இல்ல. "கருத்துப் பாட்டு"ன்னு கண்ணை மூடிப் பாராட்டுறதும் விமர்சனம் இல்ல. மெட்டு சரியில்லன்னா கருத்து காதுல ஏறாது. அதையும் சொல்லணும்.

6/ மருந்து கசக்குதா இனிக்குதான்னு மட்டும் டாக்டர் கேட்டா போதுமா? சாப்பிட்டப்புறம் எப்படி இருக்குன்னு கேக்கணும்ல. ஆல்பத்துக்கும் அதேதான். ஒரு வாரம் கழிச்சு எழுதுங்க.

எனக்கு என்ன மாறுச்சுன்னா, "பொறம்போக்கு"ன்னு இப்போ யாரையும் திட்ட வாய் வரல.