புத்தி எங்கிருந்து வந்தது?

"அவன் புத்தி அப்படி!"

ஒரு பையன் கெட்டுப் போனால் உடனே இப்படிச் சொல்லி விடுகிறோம். சொல்லிவிட்டு நம்ம வேலையைப் பார்க்கப் போய் விடுகிறோம். அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? அதை யாரும் கேட்பதில்லை!

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகும் ரோட்டில் பெருமுக்கல் இருக்கிறது. சின்ன ஊர்தான், ஆனால் பழைய ஊர். மலை மேல் சிவன் கோவில். குகைப் பாறையில் ஆதி மனிதன் கீறிய உருவங்கள். 1760-ல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்து ஆங்கிலத் தளபதி கூட் பிடித்த கோட்டையும் இங்கேதான்.

அங்கிருந்து கிழக்கே போனால் உப்பளம். கொளுத்தும் வெயில். கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. பாதத்தை அரிக்கும் உப்புத் தண்ணீர். ஐப்பசி மழை இறங்கினால் அந்த வேலையும் கிடையாது. கையில் காசு இருக்காது, பொழுதும் போகாது. அந்த நேரத்தில் பக்கத்தில் என்ன கிடைக்கிறதோ, மனுஷன் அதைத் தேடித்தான் போவான்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் நடந்தது மறக்கக் கூடியதா? மெத்தனால் கலந்த விஷச் சாராயம் பத்துப் பேருக்கு மேல் பலி வாங்கியது. போலீஸ் அதிகாரிகள் சஸ்பெண்டு ஆனார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அரசு கொடுத்தது. போன உயிர் வந்ததா? குடித்தவனைத் திட்டுவது சுலபம். கூப்பிடு தூரத்தில் சாராயம் விற்க விட்டது யார்?

சூழ்நிலை மாறினால் மனுஷனும் மாறுவான். இதற்குச் சாட்சி நம்ம நாட்டிலேயே இருக்கிறது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யவில்லை. தட்டில் சோறு போட்டார். ஆடு மேய்க்கப் போன பையன் பள்ளிக்கூடம் வந்தான். 2022-ல் காலைச் சாப்பாடும் சேர்ந்தது.

அதே வழியில் இன்னும் செய்யலாம். உப்பளத்தில் நிழலுக்குக் கொட்டகை, குடிதண்ணீர், கக்கூசு வேண்டும். மழைக்கால நிவாரணம் காலத்தோடு கைக்கு வர வேண்டும். சாயந்திரம் விளக்கு எரியும் படிப்பகமும் விளையாட்டுத் திடலும் ஊருக்கு ஊர் வேண்டும். கல் குவாரி வெடி பெருமுக்கல் மலையை நெருங்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளை அந்தக் குகைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். "இது எங்க ஊர்" என்று ஒரு பையனுக்குப் பெருமை வந்துவிட்டால், அவன் நடையே மாறும்!

எல்லாம் சர்க்கார் வேலை என்று இருந்து விடாதீர்கள். கடைக்காரர்களே! பள்ளிப் பையன் கேட்டால் பீடி, சிகரெட் கொடுக்காதீர்கள். உங்கள் கடையும் அவனுக்குச் சூழ்நிலைதான்.

பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்கும் என்பார்கள். நாரைத் திட்டிப் பயன் இல்லை. பூவைக் கொண்டு வந்து சேருங்கள்!