கண்ணில் படாத விமானம், கண்ணைக் கட்டும் செலவு

தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானத்துக்கான முதல் இறக்கைத் தொகுதியை, கோவையில் உள்ள தனது ஆலையில் 2025 ஜூலை 17-ஆம் தேதி ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (ஹெச்ஏஎல்) நிறுவனத்திடம் ஒப்படைத்தது எல் அண்ட் டி நிறுவனம். அதே நாளில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், உலகின் மிகச் செலவுமிக்க ஆயுதத் திட்டத்தில் உருவான எஃப்-35பி விமானம் ஒன்று பறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தது.

ஜூன் 14 இரவு அவசரமாகத் தரையிறங்கிய அந்த விமானம், பிரிட்டன் கடற்படையின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்தது. அதன் ஹைட்ராலிக் அமைப்பில் ஏற்பட்ட கோளாறைக் கப்பலில் இருந்து வந்தவர்களால் சரிசெய்ய இயலவில்லை. பிரிட்டனில் இருந்து தனி விமானத்தில் நிபுணர் குழு ஜூலை 6-இல் வந்து சேரும்வரை, பருவமழையில் நனைந்தபடி மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினரின் காவலில் அது நின்றது. கேரள சுற்றுலாத் துறை அதை வைத்து நகைச்சுவை விளம்பரம்கூட வெளியிட்டது. 38 நாள்கள் கழித்து, ஜூலை 22-இல்தான் அது புறப்பட்டுச் சென்றது.

எந்த விமானமும் பழுதாகலாம். அதில் எள்ளி நகையாட ஒன்றுமில்லை. அந்த விமானத்தை நமது விமானப்படையின் ஒருங்கிணைந்த வான் கண்காணிப்பு வலையமைப்பு கண்டறிந்துவிட்டது என்பதை வைத்து, 'ஸ்டெல்த்' தொழில்நுட்பமே தோற்றுவிட்டதாகச் சிலர் கொண்டாடியதும் பொருந்தாது. அவசரமாகத் தரையிறங்க அனுமதி கேட்டு வரும் விமானம் ஒளிந்துகொண்டு வருவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. இத்தகைய விமானத்தை வாங்கும் நாடு விமானத்தை மட்டும் வாங்குவதில்லை. அதன் ரகசியப் பூச்சையும், அதைப் பழுதுபார்க்க உரிமை பெற்ற சில நூறு கைகளையும், மென்பொருளையும், தனி விமானக் கொட்டகையையும், உதிரிபாகங்கள் வந்து சேரும் நெடுந்தொலைவுப் பாதையையும் சேர்த்தே வாங்குகிறது.

ஸ்டெல்த் என்பது மாயமாய் மறைவது அல்ல. ரேடார் அனுப்பும் அலை விமானத்தில் பட்டுத் திரும்பிச் செல்லும் அளவைக் குறைப்பதே அது. அலையை வேறு திசைக்குச் சிதறடிக்கும் வடிவம் முதல் வழி. அலையை உறிஞ்சும் பூச்சு இரண்டாவது. இதற்கான கணிதத்துக்கு அடிப்படையாக அமைந்தது சோவியத் இயற்பியலாளர் பியோதர் உஃபிம்ட்சேவ் 1962-இல் வெளியிட்ட ஆய்வு என்பதும், அதைப் பயன்படுத்திக்கொண்டது அமெரிக்கா என்பதும் வரலாற்றின் வேடிக்கை.

ரேடார் ஓர் இலக்கைக் கண்டறியும் தொலைவு, அந்த இலக்கின் எதிரொலிப்புப் பரப்பின் நான்காம் வர்க்கமூலத்தைப் பொருத்தது. எதிரொலிப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், தென்படும் தொலைவு பத்தில் ஒரு பங்காகவே குறையும். 400 கி.மீ. தொலைவில் தெரிய வேண்டியது 40 கி.மீ. தொலைவில் தெரியும். அந்த 360 கி.மீ. இடைவெளிதான் போரில் உயிரையும் சாவையும் தீர்மானிக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலையோ பத்தாயிரம் மடங்கு பொறியியல் உழைப்பு.

விலை என்றால் வெறும் கொள்முதல் விலை அல்ல. அமெரிக்கா 132 பி-2 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டத் திட்டமிட்டு, 21 விமானங்களோடு நிறுத்திக்கொண்டது. ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்தால் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 கோடி டாலர். 750 எஃப்-22 விமானங்கள் என்ற கனவு 187-இல் முடிந்தது. எஃப்-35 விமானங்களின் ஆயுட்காலப் பராமரிப்புக்கு மட்டும் 1.58 லட்சம் கோடி டாலர் தேவைப்படும் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2024-இல் மதிப்பிட்டது. 2023 மார்ச் மாதக் கணக்கின்படி அந்த விமானங்களில் ஏறத்தாழ 55 சதவீதமே பணிக்குத் தயாராக இருந்தன என்பதும் அதே அமைப்பின் கண்டறிதல். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கு வருபவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. குதிரையை ஒருமுறை வாங்கினால் போதும். தீனியை நாள்தோறும் வாங்க வேண்டும்.

இவ்வளவு செலவழித்துப் பெறும் அனுகூலம் நிலையானதா? 1999 மார்ச் 27 இரவு, செர்பியாவில் அமெரிக்காவின் எஃப்-117 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. வீழ்த்தியது 1960-களின் சோவியத் தயாரிப்பான எஸ்-125 ஏவுகணை. பெச்சோரா என்ற பெயரில் நமது விமானப்படையும் பல்லாண்டுகள் வைத்திருக்கும் அதே ஏவுகணை. அந்தப் படைப்பிரிவின் தளபதி ஜோல்டான் டானி, இரண்டு மீட்டர் அளவு அலைநீளம் கொண்ட பழைய ரேடாரைக் கொண்டு விமானத்தின் வருகையை உணர்ந்தார். குறிவைக்கும் ரேடாரைச் சில நொடிகளே இயக்கினார். தனது படைப்பிரிவை ஓரிடத்தில் தங்கவிடாமல் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்போ ஒரே பாதையில் திரும்பத் திரும்ப விமானங்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த நிகழ்வின் அறிவியல் எளிமையானது. போர் விமானங்களின் குறிவைக்கும் ரேடார்கள் சுமார் மூன்று செ.மீ. அலைநீளத்தில் இயங்குகின்றன, ஸ்டெல்த் விமானத்தின் வடிவமும் பூச்சும் அதை ஏமாற்றவே செதுக்கப்படுகின்றன. மீட்டர் கணக்கிலான அலைநீளத்துக்கு முன் அந்த நுட்பம் வலுவிழக்கிறது. ஆனால், நீண்ட அலை 'அங்கே ஏதோ வருகிறது' என்று சொல்லுமே தவிர, ஏவுகணையைக் கொண்டுபோய் மோதவைக்கும் துல்லியத்தைத் தராது. எனவேதான் எதிர்நடவடிக்கை என்பது ஒற்றைக் கருவியாக இல்லாமல் வலையாக அமைகிறது. நீண்ட அலை ரேடார் எச்சரிக்கும். வெவ்வேறு இடங்களில் உள்ள ரேடார்கள் சிதறிய அலைகளைப் பல கோணங்களில் பிடிக்கும். விமானத்தின் வெப்பத்தை அகச்சிவப்புக் கருவி தேடும். கணினி இவற்றை ஒன்றாகக் கோக்கும். கணினித் திறன் ஆண்டுதோறும் மலிவாகிறது. விமானத்தின் வடிவமோ ஒருமுறை தீர்மானித்தால் நாற்பது ஆண்டுகளுக்கு மாறாது.

ஆகவே ஸ்டெல்த் வீண் என்று முடிவுகட்டுவதும் தவறு. 2025 ஜூன் மாதம் ஏழு பி-2 விமானங்கள் ஈரானின் அணுசக்தித் தளங்களைத் தாக்கிவிட்டு இழப்பின்றித் திரும்பின. அதற்கு முன்பே இஸ்ரேல் ஈரானின் வான் பாதுகாப்பு வலையைக் கிழித்துவிட்டிருந்தது. வலை கிழிந்த இடத்தில் ஸ்டெல்த் வெல்லும். வலை உயிரோடு இருக்கும் இடத்தில் அது திணறக்கூடும்.

நமது அண்டை நாடுகளின் நிலையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். சீனாவின் ஜே-20 விமானம் 2017-இலேயே படையில் சேர்ந்துவிட்டது. அதே ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த ஜே-35ஏ, 2024 நவம்பரில் சூஹாய் விமானக் கண்காட்சியில் பறந்தது. 40 ஜே-35 விமானங்களைத் தர சீனா முன்வந்துள்ளதாக பாகிஸ்தான் அரசு 2025 ஜூனில் அறிவித்தது. அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சரே பிறகு அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்ற தொனியில் பேசினார். எப்படியிருப்பினும், அவை வரும் நாளுக்கு நாம் அணியமாக இருக்க வேண்டும்.

ரஷியாவுடன் இணைந்து ஐந்தாம் தலைமுறை விமானம் உருவாக்கும் திட்டத்தில் பெரும் தொகையைச் செலவிட்ட பின் 2018-இல் இந்தியா விலகியது. 2025 பிப்ரவரியில் எஃப்-35 தர வழிவகுப்பதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி விதித்தது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்ததன் விலையை உணர்ந்தார்கள். பனியனுக்கு வேறு சந்தை தேடலாம். போர் நடக்கும்போது விமானத்தின் மென்பொருளுக்கு வேறு கடை தேட முடியாது.

எஞ்சியது உள்நாட்டுத் தயாரிப்பான ஆம்கா. மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு 2024 மார்ச்சில் இதற்கு ஏறத்தாழ ரூ.15,000 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்தது. தனியாரும் போட்டியிடும் செயலாக்க முறைக்கு 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது. இத்தொகை மாதிரி விமானங்களை உருவாக்குவதற்கு மட்டுமே. எல்லாம் திட்டப்படி நடந்தாலும் படையில் சேர 2035 ஆகும். என்ஜினும் தொடக்கத்தில் அமெரிக்காவினுடையதே.

2035 வரை வானத்தைக் காப்பது யார்? 2025 செப்டம்பர் 26-இல் மிக்-21 விடைபெற்ற பின், 42 படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய விமானப்படையில் எஞ்சியவை 29. தேஜஸின் முதல் இரு படைப்பிரிவுகளும் நிலைபெற்றது கோவை சூலூரில்தான். ஆனால், 2021-இல் ஒப்பந்தமான 83 மார்க்-1ஏ விமானங்களில் முதலாவது 2024-இன் தொடக்கத்தில் வந்திருக்க வேண்டும். 2025 முடியும்வரை ஒன்றுகூட விமானப்படையில் சேரவில்லை. அமெரிக்க என்ஜின்களின் தாமதம் முக்கியக் காரணம். கோவையில் இறக்கை தயார்; என்ஜின் வரவில்லை. நாளைய ஆம்காவுக்காக இன்றைய தேஜஸின் பணமோ கவனமோ குறைந்தால், எதிரிக்குப் புலப்படாத விமானம் நமக்கும் புலப்படாததாகவே இருக்கும்.

மூலதனச் செலவில் முன்னுரிமை வேண்டியது மூன்றுக்கு: தேஜஸின் எண்ணிக்கை, சொந்த என்ஜின், எதிரியின் ஸ்டெல்த் விமானத்தைக் கண்டறியும் வலை. இவற்றில் கடைசியானது பேசப்படுவது குறைவு. விமானத்தைப் போல அது குடியரசு தின அணிவகுப்பில் பறந்து காட்டுவதில்லை. ஆனால், ஒரு ஸ்டெல்த் படைப்பிரிவுக்காகும் தொகையில் சிறு பகுதியைக் கொண்டு எதிரியின் ஸ்டெல்த் விமானத்தின் மதிப்பைக் கணிசமாகக் குறைத்துவிட முடியும்.

இதில் கொங்கு மண்டலத்தின் பங்கு பாகங்கள் வார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் அடங்கும். ஆம்காவுக்காக பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் கைகோத்துள்ளது எல் அண்ட் டி. மின்னணுப் போர், மின்-ஒளியியல் சோதனை மையங்களைத் தமிழகத்தில் அமைக்க டிட்கோவுடன் பாதுகாப்பு அமைச்சகம் 2024 ஜூலையில் ஒப்பந்தம் செய்துள்ளது. அகச்சிவப்புத் தேடு கருவிகளும் ரேடார் பகுதிகளும் சோதிக்கப்பட வேண்டியது இத்தகைய இடங்களில்தான். பம்பும் நூற்பு இயந்திரமும் செய்து மைக்ரான் அளவுத் துல்லியம் பழகிய சிறு பட்டறைகளுக்கு, ஓர் இறக்கைக்கான துணை ஒப்பந்தத்தைவிட ஆயிரக்கணக்கில் தேவைப்படும் உணர்கருவிப் பாகங்கள் நிலையான வேலை தரும். அந்தப் பட்டறைகள் சோதனைச் சான்றிதழுக்காக ஒவ்வொரு முறையும் பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும் அலையாமல் இருக்க மாநில அரசு வழிசெய்ய வேண்டும்.

ஆம்காவைத் தயாரிக்கப்போகும் நிறுவனத்திடம் விமானத்தின் விலையோடு, ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவு, பூச்சைப் புதுப்பிக்க ஆகும் நாள்கள், சூலூரில் உள்ள விமானப்படையின் பழுதுநீக்கும் பணிமனை போன்ற இடங்களிலேயே அதைச் செய்துகொள்ளும் உரிமை ஆகிய மூன்றையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். அந்த விவரங்கள் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் மேஜைக்கு வந்தாக வேண்டும்.