வீட்டிலிருந்து வாணிகமாம்! வீடு எங்கே?

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலே இப்பொழுது ஒரு புதிய உபதேசம் நடைபெற்று வருகின்றது. "கொழுந்துக் கூடையை நம்பியிராதீர், அரசாங்க உத்தியோகத்தையும் எதிர்பாராதீர், கையிலே தொலைபேசி இருக்கின்றது, வீட்டிலிருந்தபடியே இணையத்திலே வாணிகம் தொடங்குவீர்" என்பதே அவ்வுபதேசம். பசறையிலும் ஹாலிஎலையிலும் அப்புத்தளையிலும் மண்டபம் எடுத்து, பதாகை கட்டி, தேநீரும் பணிசும் கொடுத்து இளைஞர்க்கும் பெண்களுக்கும் இதனைப் போதிக்கின்றனர். அரசியல்வாதி பேசுகின்றார், தொண்டு நிறுவனத்தார் பேசுகின்றனர், நம் தொழிற்சங்கத் தலைவர்களும் தம் பங்குக்குப் பேசுகின்றனர். படம் பிடித்து முடிந்ததும் எல்லாரும் மலையிறங்கி விடுகின்றனர். மலையிலே எஞ்சியிருப்போர் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்த வீட்டிலிருந்து?

இணைய வாணிகத்தை நாம் எள்ளவில்லை. தபால்காரன் வாராத லயத்துக்கும் தொலைபேசி அலை வந்துவிட்டது. அதனைக் கொண்டு நாலு காசு தேட முயலும் பிள்ளைகளை நாம் மனமார வாழ்த்துகின்றோம். அவர்களுக்கு உபதேசம் செய்வோர், சட்டத்தின் கண்ணிலே இம்மக்களுக்கு வீடென்று ஒன்று இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே மறைக்கின்றனரே, அதனைத்தான் கண்டிக்கின்றோம்.

நம் கந்தோருக்கு வந்த ஒரு வழக்கைக் கூறுவோம். வழக்கென்று சொல்லக்கூட முடியாது. நீதிமன்றுக்குக் கொண்டு செல்ல அதிலே ஒன்றுமில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளம்பெண். கட்டுநாயக்காவிலே ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், 2022இலே நாடு வங்குரோத்தானபோது வேலையிழந்து வீடு திரும்பினாள். பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கிக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தாள். முகநூலிலே படம் போட்டாள். வட்ஸ்அப்பிலே விலை பேசினாள். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேள்வி வந்தது. தையல் நேர்த்தியைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. தொல்லை வந்ததெல்லாம் முகவரியினாலே.

அவளுடைய முகவரி என்ன? தோட்டத்தின் பெயர், மேற்பிரிவு, பசறை. அவ்வளவுதான். லயத்துக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. ஒரே பிரிவிலே அவள் பெயர் கொண்டவர் மூவர். பொதிகளை ஏற்ற வரும் வாகனம் தொழிற்சாலைச் சந்தியோடு நின்றுவிடும். வாங்கியவர் திருப்பி அனுப்பிய பொதி தோட்டக் கந்தோரிலே ஒன்பது நாள் கிடந்தது. வாணிபப் பெயர் பதியச் சென்றபோது காணி உறுதியைக் காட்டு என்றார் உத்தியோகத்தர்; உறுதி இல்லையேல் குத்தகைப் பத்திரம்; அதுவும் இல்லையேல் உரிமையாளரின் சம்மதக் கடிதம். உரிமையாளர் யார்? துரையிடம் சென்றாள். தோட்டக் குடியிருப்பிலே வாணிகம் நடத்த அனுமதிக்க முடியாது என்று விடை வந்தது. அந்த உத்தியோகத்தரை நாம் குறை கூறவில்லை. அவர் கேட்டது எவரிடமும் கேட்பதைத்தான். பதுளை நகரத்து வியாபாரியிடம் கேட்டிருந்தால் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்திருப்பார். நான்கு தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவள் எதனை எடுத்துக் கொடுப்பாள்?

இவ்விடத்திலே ஒரு சட்டக் குறிப்பு. தம்முடைய சொந்த முழுப் பெயரிலேயே, வேறு சொல் சேர்க்காமல், வாணிகம் செய்வோர் வாணிபப் பெயர்ச் சட்டத்தின் கீழ்ப் பதிய வேண்டியதில்லை. இதனை அறியாமல் அலைவோர் பலர். ஆயினும் கடன் கேட்டு வங்கி வாயிலை மிதித்த மறுகணமே அந்தப் பழைய கேள்வி எழுந்து நிற்கும்: உறுதி எங்கே?

சட்டத்தின் விந்தையைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், மின்வழியே செய்த உடன்படிக்கை மின்வழியானது என்ற காரணத்துக்காகச் செல்லாததாகாது என்கின்றது. மின்வழித் தொடர்பாடல் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையைத் தெற்காசியாவிலேயே முதலாவதாக 2015இல் உறுதிப்படுத்திய நாடு இலங்கை. ஆகவே அப்பெண் வட்ஸ்அப்பிலே பேசிய விலை சட்டப்படி செல்லும். தைத்த சட்டை செல்லும். வாங்கிய பணமும் செல்லும். அவள் குந்தியிருந்து தைத்த இடம் ஒன்றுதான் செல்லாது!

வீட்டிலிருந்து இணையத்திலே வாணிகம் செய்வது தேயிலை உலகுக்குப் புதிதுமன்று. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இலே தொடங்கியது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாங்குவோரும் தரகரும் மண்டபத்திலே நேரிற் கூடியே விலை கூவி வந்தனர். 2020 மார்ச்சிலே கொரோனாவினால் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் மாதத்திலேயே ஏலம் இணையத்துக்கு மாறியது. தனவந்தரின் தொழிலுக்கு இடையூறு வந்தபோது சில வாரங்களுக்குள் வழி பிறந்தது. தரகர் தம் இல்லத்திலிருந்தார். வாங்குவோர் தம் இல்லத்திலிருந்தார். மலையிலே கொழுந்து பறித்தல் மாத்திரம் நிற்கவில்லை. ஊரடங்கிலும் பெரட்டுக்குச் சென்று, கூடை சுமந்து, இவர்கள் பறித்த கொழுந்தே அங்கே இணையத்தில் ஏலம் போயிற்று.

அத்தேயிலைக்கு முகவரி உண்டு. ஒவ்வொரு தோட்டத்தின் தேயிலையும் அதற்குரிய குறியோடுதான் ஏலத்துக்குச் செல்கின்றது. ஊவாவின் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்துத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனி மதிப்பு; இலண்டனிலுள்ளவன் அதனைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகின்றான். இலைக்குக் குறி இருக்கின்றது. அதனைப் பறித்தவள் குடியிருக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு ஓர் இலக்கம் போட இருநூறு ஆண்டிலும் எவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இக்காணி யாருடையது? 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இலே நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது; பின்னர் நீண்டகாலக் குத்தகையும் எழுதப்பட்டது. ஆகவே கம்பனி குத்தகைக்காரன், நிலம் அரசினுடையது. ஆனால் அரசிடம் சென்றால் கம்பனியைக் கேள் என்கின்றனர். கம்பனியிடம் சென்றால் அரசைக் கேள் என்கின்றனர். வெளியேற்ற வேண்டும் என்று வரும்போது மட்டும் இருவருக்கும் ஐயம் எழுவதில்லை. இராகலையிலுள்ள ஸ்டாபர்ட் தோட்டக் காணி பற்றிய வழக்கிலே, 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டத்தின்படி விடுக்கப்பட்ட வெளியேறல் அறிவித்தலை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றிலே எழுத்தாணை கேட்க முடியாது என்று உயர் நீதிமன்றம் 2013இலே தீர்ப்பளித்தது. லுணுகலையிலிருக்கும் தொழிலாளி எழுத்தாணை வேண்டுமெனில் மலையிறங்கிக் கொழும்புக்குச் செல்லட்டும் என்பதே இதன் விளைவு.

நம் மக்களுக்கு இது கேட்டுப் பழகிய கதை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? உன் தந்தை இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்ததற்குக் காட்டு என்றது. பிறப்புப் பதியப்படாத காலத்திலே பிறந்தவனிடம் பதிவுப் பத்திரம் கேட்டனர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. எஞ்சிய நாடற்றோர்க்கு 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது 2003இலேதான். அன்று மனிதனுக்குப் பத்திரம் கேட்டனர். இன்று அவன் இருக்கும் இடத்துக்குப் பத்திரம் கேட்கின்றனர். பத்திரத்தைத் தர மறுப்பவனும் அரசே, அதனைக் காட்டு என்று கேட்பவனும் அரசே!

"வீட்டுத் திட்டங்கள் நடக்கின்றனவே" என்பர். நடக்கின்றன, இல்லையென்று யார் சொன்னார்? 2025 அக்டோபரிலே பண்டாரவளையில் ஜனாதிபதியே வந்து இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் 2,000க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் வழங்கினார். வரவேற்கின்றோம். ஆனால் பத்திரம் வேறு, உறுதி வேறு. வெலிமடைப் பக்கத்து விவசாயிகளுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உத்தரவுப் பத்திரம் வைத்திருப்போர், அதனைக் கொண்டுபோய் வங்கி மேசையிலே வைத்தால் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை அனுபவத்திலே அறிவர். கெப்பட்டிப்பொலைச் சந்தைக்கு மூட்டை இறக்கும் உழவனும் லயத்துப் பெண்ணும் இவ்விடயத்திலே ஒரே வரிசையிலே நிற்கின்றனர்.

"முதலிலே சம்பளத்தைப் பாருங்கள், வீடு பிறகு" என்பார் தொழிற்சங்கத்துள்ளேயே உளர். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே நாட்சம்பளம் 1,750 ரூபாவாகும் என்றனர். அந்த ரூபாவுக்காக எத்தனை ஆண்டு மேடை போட்டோம் என்பதை நாமும் மறக்கவில்லை. ஆனால் சம்பளம் தோட்டத்திலே வேலை செய்பவர்க்கு. இன்று லயங்களிலே வாழ்வோரிற் பெரும்பகுதியினர் தோட்டத்திலே வேலை செய்யாதவர். அவர்களுக்கும் சேர்த்து ஒரு பிடிமானம் வேண்டுமானால் அது காணியுறுதி ஒன்றே.

உறுதி வரும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களிலே சபைப் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018இலே அதனைத் திருத்தினர். இனிப் பசறை, லுணுகலை, ஹாலிஎலை, அப்புத்தளை, ஹல்துமுல்லைச் சபைகளிலே அமர்ந்திருக்கும் நம்மவர் சாக்குச் சொல்ல இயலாது. அடுத்த கூட்டத்திலேயே பிரேரணை கொண்டு வரட்டும். பாதைக்குப் பெயரும் லயத்துக்கு இலக்கமும் காம்பராவுக்கு உப இலக்கமும் எழுதத் தகரமும் வண்ணமும் போதும். மத்திய அரசின் கருணை வேண்டியதில்லை. அந்த இலக்கத்தை அஞ்சல் திணைக்களம் ஏற்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் அளிக்கும் வதிவிடச் சான்றையே வாணிபப் பதிவுக்குப் போதுமான சான்றாகக் கொள்ளும்படி ஊவா மாகாண நிர்வாகம் சுற்றறிக்கை விட வேண்டும். வருகின்ற உறுதிகள் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். தைப்பவள் ஒருத்தி, கடனுக்குக் கையெழுத்திடுபவன் ஒருவன் என்ற நிலை வேண்டா.

பதுளை நகரத்து வழக்கறிஞர்களாகிய நமக்கும் ஒரு சொல். லயத்திலிருந்து சத்தியக் கடதாசி முடிக்க வருபவரிடம் கட்டணம் வாங்கித்தான் நம் வீட்டடுப்பு எரிய வேண்டும் என்பதில்லை. நம்மிற் சிலர் இதனை இலவசமாகச் செய்து வருகின்றோம்; மற்றையோரும் சேர்க.

வீட்டுத் திட்டங்களிலே ஏதேனும் பத்திரம் பெற்றவர்கள் அதனைச் சட்டம் போட்டுச் சுவரிலே மாட்டுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். படிக்க இயலாவிடின் பிரதியொன்றை நம்மிடம் கொண்டு வாருங்கள். நில அளவை வரைபடத்தின் இலக்கமும் காணித் துண்டின் இலக்கமும் அதிலே உள்ளனவா? கொடுப்பவர் யார்: அரசா, கம்பனியா, வீடு கட்டிய நிறுவனமா? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி தனியார் கைமாற்றும் காணிக்கு நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும். அரசு கொடுப்பதாயின் அரச அளிப்புப் பத்திரமாயிருக்க வேண்டும். பதுளைக் காணிப் பதிவகத்திலே அது பதியப்பட்டுள்ளதா? விற்கவும் ஈடு வைக்கவும் தடை எழுதியிருக்கின்றதா, எழுதியிருந்தால் எத்தனை ஆண்டுக்கு?

பசறைப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். அவள் வாணிகத்தை விடவில்லை. டவுனிலே முடிதிருத்தும் கடை ஒன்றின் முகவரியைக் கொடுத்திருக்கின்றாள். பொதிக்கு ஐம்பது ரூபா வீதம் கடைக்காரர் வாங்கிக்கொள்கின்றார். வாரத்தில் இருமுறை மலையிறங்கி வந்து, முடி வெட்டுவோர் நடுவே நின்று, தன் பொதிகளைப் பெற்றுச் செல்கின்றாள்.