பின்கதவுக்கு யார் லைசென்ஸ் கொடுப்பது?

"பப்பில் பாட்டு, டான்ஸ், வாசலில் பவுன்சர்.. இதெல்லாம் குடும்பஸ்தங்களுக்கு எதுக்குப்பா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

2025 டிசம்பர் 6-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் கோவாவில் அர்போரா என்ற ஊரில் ஒரு இரவு விடுதி எரிந்தது. மேடையில் டான்ஸ் நடந்துகொண்டிருந்த நேரம். 25 பேர் செத்தார்கள். அதில் ஜாலியாக இருக்கப் போன சுற்றுலாக்காரர்கள் 5 பேர். மீதி 20 பேர் அங்கே சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், காவல் நின்றவர்கள். ஜார்க்கண்ட், அசாம், உத்தரகாண்ட், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். பலர் கீழ்த்தளத்தில் புகையில் மூச்சு முட்டிச் செத்தார்கள்.

பிழைக்க ஊர் விட்டு வந்தவர்கள் என்றால் அது நாமும்தானே? ஆகவே இது நம்ம விஷயம்தான்.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். திருப்பதி தனி ஜில்லா ஆனது 2022 ஏப்ரலில். எனக்கு இன்னமும் ரெண்டும் ஒரே ஜில்லாதான். எங்கள் பக்கத்துப் பையன்கள் இன்டர் முடித்தால் அடுத்து ஏறுவது பெங்களூர் பஸ். ஐ.டி. கிடைத்தவன் ஐ.டி.க்குப் போவான். கிடைக்காதவன் ஹோட்டல் சமையலறைக்குப் போவான். ஜிம்முக்குப் போய் உடம்பு தேற்றியவன் பப் வாசலில் கறுப்பு டீ ஷர்ட் போட்டு நிற்பான். அங்கே என்ன லைசென்ஸ், யார் கொடுத்தது, எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பது அந்தப் பையனின் அம்மாவுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

சரி, நம் நாட்டில் இந்த லைசென்ஸ் எதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது? மும்பைக் கதையைப் பாருங்கள். 2005-ல் மகாராஷ்டிரா அரசு பார்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. மூணு நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்கு மட்டும் விலக்கு! பணக்காரன் பார்த்தால் கலை, டாக்ஸி ஓட்டுபவன் பார்த்தால் ஆபாசம். 2006-ல் பம்பாய் ஹைகோர்ட் அந்தத் தடையை ரத்து செய்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. அரசு விடவில்லை, 2014-ல் மறுபடி சட்டம், 2016-ல் இன்னொரு சட்டம். கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் 1 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஆடுகிற இடத்தில் கேமரா வைக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இவற்றைத் தள்ளியது. அப்புறம் ஆர்கெஸ்ட்ரா பார்களில் மேடையில் 4 பெண்கள், 4 ஆண்கள்தான் இருக்கலாம் என்ற நிபந்தனை பற்றி ஒரு வழக்கு. 2022 பிப்ரவரியில் அதுவும் ரத்து.

ஆக 17 வருஷம். எத்தனை பெண்கள், என்ன உடுப்பு, கோயிலிலிருந்து எத்தனை தூரம்.. இதற்குத்தான் அரசாங்கத்தின் அத்தனை வக்கீல் பீஸும்.

அதே மும்பையில் 2017 டிசம்பர் 29-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடி விடுதிகளில் தீ பிடித்து 14 பேர் செத்தார்கள். தப்பிக்க வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கியவர்கள் அங்கேயே மூச்சு முட்டிப் போனார்கள். மறுநாள் மாநகராட்சி புல்டோசரை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் ஓடி ஓடி அனுமதியில்லாத கூரைகளை இடித்தது. முந்தின நாள் வரை அவை கண்ணுக்குத் தெரியவில்லையா?

கோவாவிலும் அதே கூத்துதான். எரிந்த விடுதியை இடிக்கச் சொல்லிப் பஞ்சாயத்து போட்ட உத்தரவு மேலிடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பஞ்சாயத்தின் வியாபார லைசென்ஸும் காலாவதி. மேடையில் மட்டும் டான்ஸ் நிற்கவில்லை.

லைசென்ஸே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பெங்களூரில் லைவ் பேண்ட், டிஸ்கோ நடத்தும் உணவு விடுதிகள் போலீஸ் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று 2005-ல் ஒரு உத்தரவு வந்தது. விடுதிக்காரர்கள் எதிர்த்துப் போனார்கள். 2018 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவு செல்லும் என்றது. செல்லட்டும், நல்லதுதான். லைசென்ஸ் கேட்கிற கேள்வி சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் சண்டை.

தப்பான கேள்வி என்ன செய்யும் என்பதற்கு பப் வரை போக வேண்டாம், எங்க ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் போதும். பாரதக் கூத்து என்றால் விடிய விடியத்தான். எங்க நைனா காலத்திலிருந்து அப்படித்தான். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு நினைத்தால் வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை தளர்த்தலாம். அவ்வளவுதான். அப்படியானால் மைக் வைத்து விடிய விடிய நடக்கும் கூத்துக்குச் சட்டப்படி யாருமே அனுமதி தர முடியாது. ஆனாலும் கூத்து நடக்கிறது. எப்படி? யாரோ ஒருவர் 'கண்டுக்காமல்' இருப்பதால். யாராலும் கடைப்பிடிக்க முடியாத விதி வைத்தால், லைசென்ஸ் என்பது தயவாக மாறிவிடும். தயவுக்கு ஒரு விலை வந்துவிடும். அந்த விலையைக் கொடுத்தவனிடம் போய் "பின்கதவு எங்கேய்யா?" என்று எவன் கேட்பான்?

நான் பி.காம். படித்து பேங்கில் சேர்ந்தவன். ஊரில் கிளைகளில் இருந்தபோது ஹோட்டல் கடன் ஃபைல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பாரும் விருந்து ஹாலும் இருந்த ஒரு விடுதிக்கு, கடன் கொடுப்பதற்கு முன்னால் நேரில் பார்க்கப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே அத்தனை லைசென்ஸும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாக மாட்டியிருந்தது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றும் உண்டு. ஹாலின் அவசர வழியில் காலி பீர் பாட்டில் கிரேட்கள் அடுக்கி, கதவில் திண்டுக்கல் பூட்டு. அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். கதவு திறந்தால்தான் கடன் என்று மேலே சொல்லிவிட்டார்கள். நாலே நாளில் கிரேட்டும் இல்லை, பூட்டும் இல்லை.

கடன் கொடுக்கிறவன் கேட்டால் திறக்கிற கதவு, லைசென்ஸ் கொடுக்கிறவர்கள் வந்துபோன அத்தனை வருஷமும் ஏன் திறக்கவில்லை? பேங்க் தன் பணம் திரும்பி வருமா என்று கவலைப்பட்டது. உள்ளே போன ஆள் திரும்பி வருவானா என்று கவலைப்பட வேண்டியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து வாசலில் நிற்கிற ஆள். 2005-ல் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த மத்திய சட்டம் வந்தது. மாதிரி விதிகளில் காவலருக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப் பயிற்சி என்று இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் ஏஜென்சிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அவன் கழுத்தில் தொங்கும் கார்டு ஏஜென்சி கொடுப்பது. ஏஜென்சி வழியாக வராமல் முதலாளி தன் ஆளாகவே வைத்துக்கொண்டால் அந்தச் சட்டம் அவனைத் தொடுவதே கஷ்டம். கை நீட்டினால் யாரிடம் புகார்? அடி வாங்கினால் அவனுக்கு யார் பொறுப்பு? ரெண்டுக்கும் பதில் இல்லை.

நான் இப்போது இருக்கும் லண்டனில் பப் வாசலில் நிற்பவர் பெயரிலேயே லைசென்ஸ். 2001-ல் வந்த சட்டப்படி, ஏஜென்சி ஆளானாலும் சொந்த ஆளானாலும் அது இல்லாமல் நிற்கக் கூடாது. முதலுதவி தெரிந்திருக்க வேண்டும், சண்டையை வாய்ப்பேச்சால் ஆற்றப் பயிற்சி எடுக்க வேண்டும், போட்டோவும் நம்பரும் உள்ள கார்டு வெளியே தெரிய வேண்டும். அந்த நம்பர் உண்மையா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். படிக்க வந்த நம்ம பையன்கள் நிறைய பேர் இந்த லைசென்ஸ் எடுத்து வார இறுதியில் நிற்கிறார்கள். தொழில் அதேதான், ஆனால் இங்கே அவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

உடனே "வெளிநாட்டுக்குப் போனதும் வெள்ளைக்காரன் புராணமா" என்று ஆரம்பிக்காதீர்கள் :-) இவர்களும் தப்பான கேள்வி கேட்டவர்கள்தான். 2005 வரை இங்கே பப்பில் ரெண்டு பேர் பாடினால் தனி அனுமதி வேண்டாம், மூணாவது ஆள் சேர்ந்தால் வேண்டும்! அதற்கப்புறம் லண்டன் போலீஸ் 696 என்று ஒரு படிவம் வைத்தது. என்ன வகை இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்று கேட்டது. கறுப்பினப் பாடகர்களின் நிகழ்ச்சியை நிறுத்தவே இது என்று வருஷக்கணக்கில் சத்தம் போட்டார்கள். இனம் பற்றிய கேள்வி முதலில் போனது, 2017 நவம்பரில் படிவமே போனது.

2012-ல் வந்த சட்டத்தால் இப்போது பப்பில் காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மிகாத கூட்டத்துக்குப் பாட தனி அனுமதி வேண்டாம். பாட்டை விட்டுவிட்டார்கள். பாதுகாப்பை விடவில்லை. புது லைசென்ஸ் கேட்டால் வெளிர்நீலத் தாளில் 28 நாள் வாசலில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபிக்கலாம்.

இவ்வளவு இருந்தும் 2022 டிசம்பர் 15 அன்று பிரிக்ஸ்டனில் ஒரு இசை நிகழ்ச்சி வாசலில் நெரிசலில் ரெண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் அங்கே காவல் வேலை பார்த்த 23 வயது ஊழியர். லைசென்ஸ் நிறுத்தப்பட்டது. 2023 செப்டம்பரில் அந்த ஏரியா கவுன்சில் 77 புது நிபந்தனைகளோடுதான் திறக்க அனுமதித்தது. அரங்கம் ஒரு வருஷத்துக்கும் மேல் மூடிக் கிடந்தது. மேடையில் பாடியவரின் உடுப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வாசலைப் பற்றித்தான் பேச்சு.

வாசல் என்றால் பப் வாசல் மட்டும் இல்லை என்பதை எங்க ஊரே காட்டியது. 2025 ஜனவரி 8-ஆம் தேதி திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்கு நின்ற கூட்டத்தில் 6 பேர் செத்தார்கள். சேலம் பக்கத்து அம்மா ஒருவரும் அதில் உண்டு. உடம்பு முடியாமல் போனவருக்காகக் கேட்டைத் திறந்ததும், டோக்கனுக்குத்தான் திறந்துவிட்டார்கள் என்று கூட்டம் பாய்ந்ததாகச் சொன்னார்கள். பெருமாளைப் பார்க்கப் போனாலும் பீர் குடிக்கப் போனாலும் கேட்டைத் திறக்கிற கைக்குத் தெரிய வேண்டிய வித்தை ஒன்றுதான்.

"நாங்கள் பப்புக்கும் போவதில்லை, கூட்டத்துக்கும் போவதில்லை" என்பீர்களா? கல்யாணத்துக்குப் போவீர்கள் அல்லவா? 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் மண்டபத்து மாடியில் கீற்றுப் பந்தலில் தீ பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

சிலர் கேட்பார்கள், "குடிக்கிற இடத்தை ஒழுங்குபடுத்துவது எதற்கு? மூடிவிட்டால் போச்சு." ஆந்திராவில் 1995-ல் என்.டி.ஆர். மூடிப் பார்த்தார். 1997-லேயே தளர்த்த வேண்டி வந்தது. சித்தூர்க்காரனுக்குத் தமிழ்நாடும் கர்நாடகாவும் கூப்பிடு தூரம். மூடினால் குடி நிற்காது, கதவுதான் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. எத்தனை பேர் உள்ளே போகலாம், வெளியேற எத்தனை வழி என்று வாசலில் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டு. பவுன்சருக்கு அவன் பெயரிலேயே லைசென்ஸ் கொடு, நம்பரை எல்லோரும் பார்க்கிற மாதிரி வை. மனு போட்டால் இத்தனை நாளில் பதில் என்று கெடு வை, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு. மேடையில் ஆடுகிற பெண்ணின் உடுப்பை அளக்கிற டேப்பை எடுத்துப் பின்கதவின் அகலத்தை அள.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் ரிசப்ஷனுக்கு மண்டபம் புக் பண்ணும்போது ஏ.சி. எத்தனை டன், கார் எத்தனை நிற்கும் என்று கேட்கிறோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் "வெளியே போக ரெண்டாவது வழி எது? நடந்து போய்ப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற தம்பிக்கு போன் போட்டு அவன் கடையில் பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், நாளைக்கே தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.