மாடியில்லா வீட்டுக்கு மாடித் தோட்டமா?

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தால் கண்ணில் படுவது என்ன? கரிசல் காடு, சீமைக் கருவேலம், இடையிடையே தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆலைக் கட்டடங்கள். மழை குறைந்த இந்த வறண்ட பூமி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாயிற்று. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய வரலாற்றை நாம் அறிவோம். அத்தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. எங்களில் பலருடைய சீருடையும் புத்தகமும் அந்தக் கூலியில் வந்தவையே. அதை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

ஆயினும் அச்சோற்றுக்குக் கொடுத்த விலையையும் மறக்க இயலாது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளைப் பற்றிப் பேசும்போது எங்கள் பெற்றோரின் குரல் இன்றும் தாழ்ந்துவிடுகிறது.

சிறுவர் உழைப்பைத் தடுக்க 1986-இல் சட்டம் வந்தது. 2016-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 14 முதல் 18 வயது வரையுள்ளோர் அபாயகரமான தொழில்களில் ஈடுபடக் கூடாது என்றாயிற்று. மிக நல்ல சட்டம். ஆனால் அந்த வயதுதான் எங்கள் வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் ஒரு பெண், பதினெட்டு நிறையும் வரை என்ன செய்வாள்? போகக் கூடாத இடத்தைச் சட்டம் சொல்லிவிட்டது. போக வேண்டிய இடத்தைச் சொல்ல வேண்டியவர்கள் நாமல்லவா?

இதற்கு ஒரு சிறிய வழியாக நாங்கள் எண்ணுவது நகர்த் தோட்டம். இது புதுமையன்று. 1990-களில் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின், உணவும் உரமும் வருவது குறைந்து கியூபா நாடு தவித்தது. அப்போது தலைநகர் ஹவானாவின் மக்கள் காலி மனைகளில் காய்கறி பயிரிட்டனர். நம் மாநிலத்திலும் 2013-14-ஆம் ஆண்டில் சென்னை, கோவை நகரங்களில் தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பை, தென்னை நார்க் கழிவு, விதை, உயிர் உரம் ஆகியவற்றை மானிய விலையில் தந்தது. பின்னர் அது பிற ஊர்களுக்கும் பரவியது.

நல்ல திட்டந்தான். ஆனால் ஒரு கேள்வி. மாடித் தோட்டம் போட முதலில் மாடி வேண்டுமே! ஆலைத் தொழிலாளர் வாழும் தெருக்களில் பல வீடுகளுக்கு மேலே இருப்பது ஓடு அல்லது தகரம். வசதியுள்ளவர் வீட்டு மாடியில் வெண்டை காய்க்கிறது. வெண்டைக்காய் வாங்கக் கணக்குப் பார்க்கும் வீட்டுக்கோ பை வைக்க இடமில்லை.

அப்படியானால் பள்ளியிலேயே தோட்டம் போடலாமே என்று கேட்பீர்கள். பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019-இல் நெறிமுறைகள் வகுத்ததும் உண்மையே. நாங்களும் சென்ற ஆண்டு பள்ளியின் பின்புறம் கத்தரியும் மிளகாயும் நட்டோம். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. பிறகு கோடை விடுமுறை வந்தது. நாங்கள் வீட்டுக்குப் போனோம், தோட்டம் போகவில்லை. ஜூன் மாதம் திரும்பி வந்து பார்த்தபோது காய்ந்த குச்சிகளே நின்றன. தவறு எங்களுடையதே. ஆனால் ஒன்று கற்றோம். பள்ளிக்கு விடுமுறை உண்டு, தெருவுக்கு இல்லை. ஆகவே தோட்டம் தெருவோடு சேர்ந்திருக்க வேண்டும்.

சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து 2021-இல் மாநகராட்சி ஆயின. அதன் பொதுக் கட்டடங்களில் உறுதியான மொட்டை மாடிகள் உண்டே! அவற்றில் சிலவற்றை அந்தந்தத் தெருவின் இளையோருக்குத் தரலாம். அரிசி கழுவிய நீரையும் காய் கழுவிய நீரையும் வீட்டுக்கு ஒரு குடம் சேர்த்துத் தந்தால் தண்ணீர்க் கவலை பாதி தீரும். தென்னை நார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதென்று, பட்டாசு மருந்து வந்த சாக்கிலும் டப்பாவிலும் செடி வைக்கக் கூடாது. உண்ணும் கீரைக்கு அது ஆகாது.

விளைந்ததை விற்பது எங்கே? 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைகளில் விற்க உழவர் அடையாள அட்டை வேண்டும். நிலமில்லாத பெண்ணுக்கு அட்டை ஏது? வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசை இவர்களுக்கென ஒதுக்கினால் போதும்.

"இரண்டு கட்டுக் கீரை ஆலைக் கூலிக்கு ஈடாகுமா?" என்று எங்கள் தாய்மார்கள் கேட்பார்கள். ஆகாது அம்மா, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் விதைக் கணக்கும் விற்பனைக் கணக்கும் எழுதப் பழகியவள், தன்னால் ஒன்றை உண்டாக்க முடியும் என்று கண்டவள், தொழிற்பயிற்சிக்கோ மேற்படிப்புக்கோ மீண்டும் துணிந்து செல்வாள். கூலியைவிட அந்தத் துணிவே இன்று அவளுக்குத் தேவை. தோட்டத்தின் பெயரால் இன்னொரு கூலி வேலை முளைத்துவிடவும் கூடாது. மாலையில் ஒரு மணி நேரம் போதும். விளைச்சல் வளர்த்தவளுக்கே சேர வேண்டும்.

உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். பிள்ளைகள் பசியின்றிப் படிக்கப் பள்ளியில் மதிய உணவைப் பரப்பிய காமராசர் பிறந்த மாவட்டம் நம்முடையது. அம்மண்ணில் பிறந்த நாங்கள் கேட்பது பெரிதன்று: ஒரு மாடி, சில பைகள், ஒரு மேசை. அன்புத் தோழியரே, வரும் ஆண்டில் நம் வகுப்பிலிருந்து நின்றுவிடும் ஒருத்தியையாவது தேடிச் சென்று அழைத்து வருவோம். இம்முறை விடுமுறையிலும் தண்ணீர் ஊற்றுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்