டயானா ஏலம் விட்ட 79 உடைகள்

1985-ல் வெள்ளை மாளிகை விருந்தில் நடிகர் ஜான் டிரவோல்டாவுடன் நடனமாடியபோது டயானா அணிந்திருந்த கருநீல வெல்வெட் கவுன் நினைவிருக்கிறதா? 1997 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 2,22,500 டாலருக்கு விலைபோனது.

மொத்தம் 79 உடைகள். யோசனை, மூத்த மகன் வில்லியமுடையது. கிடைத்த 30 லட்சம் டாலருக்கும் அதிகமான தொகை, புற்றுநோய், எய்ட்ஸ் நோயாளிகளுக்கான சேவைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தன் உடை மீது உலகத்துக்கு இருந்த மோகத்தை இப்படி நல்ல காரியமாக மாற்றினார் டயானா.

ஆனாலும் கேமராக்கள் விடவில்லை. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 31 அதிகாலை, பாரிஸ் சுரங்கப்பாதையில் கார் மோதி இறந்தார். குடித்திருந்த டிரைவரின் அலட்சியமும், துரத்திவந்த புகைப்படக்காரர்களின் அலட்சியமும்தான் காரணம் என்றது 2008-ல் லண்டன் ஜூரி.

அந்தப் படங்களைக் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தவர்களை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை!